இதய எம்.ஆர்.ஐ.: டாக்டர் சீட்டு எழுதியதிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வரும் வரை

“மூச்சை இழுங்க… விடுங்க… அப்படியே நிறுத்துங்க.”

ஒரு இதய எம்.ஆர்.ஐ. முடிவதற்குள் இந்த மூன்று வார்த்தைகளும் முப்பது, நாற்பது முறை காதில் விழும். தலைக்கோ முதுகுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது ஆள் அசையாமல் படுத்திருந்தால் போதும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். இதயம் அப்படி இல்லை. அது துடித்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே உதரவிதானம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த ஸ்கேனில் பாதி வேலை படுத்திருப்பவருடையது. பல வருடங்களாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் இதைச் சொல்லிவருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: எதற்காக மூச்சை நிறுத்தச் சொல்கிறோம் என்று புரிந்தவருக்கு வரும் படமும், புரியாதவருக்கு வரும் படமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தப் புரிதலுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

எக்கோ எடுத்தாச்சே, இது எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதயம் எப்படித் துடிக்கிறது, வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்று எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், நன்றாகவே காட்டும். ஆஞ்சியோ ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காட்டும். ஆனால் இதயத் தசை எந்த நிலையில் இருக்கிறது, அதில் உயிருள்ள பகுதி எவ்வளவு, தழும்பு எவ்வளவு, நீர் கோத்திருக்கிறதா, இரும்பு படிந்திருக்கிறதா என்பதை, ஊசி போட்டுச் சதையை எடுக்காமலே சொல்வதில் எம்.ஆர்.ஐ.க்கு இணை இல்லை.

ஆகவே டாக்டர் இதை எழுதித் தருவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். மாரடைப்பு வந்த இடத்தில் தசை இன்னும் பிழைத்திருக்கிறதா? இதயம் பலவீனமாகியிருக்கிறது, ஆனால் ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கிறதே, காரணம் என்ன? காய்ச்சலுக்குப் பிறகு வந்த நெஞ்சுவலி இதயத் தசை அழற்சியா? சுவர் தடித்திருப்பது பிரஷராலா, பரம்பரை நோயாலா, அமிலாய்டு என்னும் புரதம் படிந்ததாலா? பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்தவருக்கு ரத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது? டாக்டரிடம் கேட்டு உங்கள் கேள்வி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே ‘இதய எம்.ஆர்.ஐ.’ என்று வரும் சீட்டைவிட, ‘மூன்று மாதம் முன் மாரடைப்பு, தசை பிழைத்திருக்கிறதா பார்க்கவும்’ என்று வரும் சீட்டு எங்களுக்கு எவ்வளவோ மேல். கேள்விக்கு ஏற்றபடிதான் எடுக்க வேண்டிய படங்களின் வரிசையே மாறும்.

இந்த ஸ்கேன் செய்யாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மெல்லிய ரத்தக்குழாய்களைத் துல்லியமாகப் பார்க்க சி.டி. ஆஞ்சியோதான் நல்லது. கால்சியம் படிவும் எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது.

உள்ளே நடப்பது என்ன?

உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அந்த அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். இதய ஸ்கேனுக்குப் பெரும்பாலும் பயன்படும் மெஷினின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. 3 டெஸ்லா மெஷின்களும் உண்டு. அதற்குள் போனதும் இந்தக் குட்டிக் காந்தங்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசையில் நிற்கும். அப்போது சரியான அலைவரிசையில் ஒரு ரேடியோ அலையை அனுப்பினால் அவை சாயும். அலையை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்போது தாங்களும் ஒரு மெல்லிய சிக்னலைத் தரும். 1.5 டெஸ்லாவில் அந்த அலைவரிசை 64 மெகாஹெர்ட்ஸ், நாம் கேட்கும் எஃப்.எம். ரேடியோவுக்குச் சற்றுக் கீழே.

திரும்பி நிற்க அவை எடுத்துக்கொள்ளும் நேரம்தான் விஷயமே. டி1, டி2 என்று இரண்டு நேரங்களை அளக்கிறோம். நல்ல தசையில் ஒரு மாதிரி, நீர் கோத்த தசையில் ஒரு மாதிரி, தழும்பில், கொழுப்பில், இரும்பு படிந்த இடத்தில் எல்லாம் வேறுவேறு மாதிரி. இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. அதனால்தான் சிறு வயதிலிருந்து ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பிறவி இதய நோயாளிகளுக்கு இது பெரிய வரம்.

முதல் படி: உடம்புக்குள் இருக்கும் உலோகத்தின் பட்டியல்

அப்பாயின்ட்மென்ட் வாங்கும் நாளிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. உடம்பில் இதுவரை வைத்தது, தைத்தது, புதைத்தது எல்லாவற்றையும் எழுதுங்கள்: பேஸ்மேக்கர், ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், செயற்கை வால்வு, ஸ்டென்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, நரம்பைத் தூண்டும் கருவி, இன்சுலின் பம்ப், எலும்பில் போட்ட பிளேட். வெல்டிங், கடைசல் வேலை செய்தவரானால் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா என்பதையும் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய ஒரு துணுக்கு காந்தத்தில் நகர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தேவையில்லை. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்களும், உலோக வால்வுகள் உட்பட செயற்கை வால்வுகளும் பெரும்பாலும் தடையே இல்லை. மாடல் விவரத்தை ஒருமுறை சரிபார்த்தால் போதும். பேஸ்மேக்கர் கதை வேறு. ஒரு காலத்தில் பேஸ்மேக்கர் என்றாலே எம்.ஆர்.ஐ. கிடையாது. இப்போது குறிப்பிட்ட நிபந்தனைகளோடு ஸ்கேன் எடுக்கத் தகுந்த மாடல்கள் வந்துவிட்டன. ஆனால் பெட்டி மட்டும் தகுதியானதாக இருந்தால் போதாது, அதோடு சேர்ந்த ஒயரும் தகுதியானதாக இருக்க வேண்டும். பழைய ஒயர் ஒன்று உள்ளேயே விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கருவி வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து வாருங்கள். “ஏதோ ஒரு ஸ்டிக்கர் கொடுத்தாங்க, வீட்டில் எங்கேயோ இருக்கு” என்பார்கள். அந்த ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண் தெரியாவிட்டால் அன்றைக்கு ஸ்கேன் இல்லை.

இரண்டாம் படி: சிறுநீரகமும் கான்ட்ராஸ்டும்

இதய எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்துவோம். படத்தில் வித்தியாசத்தை எடுத்துக்காட்டும் இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம். இது சி.டி.க்குப் போடும் அயோடின் மருந்து அல்ல. அதற்கு அலர்ஜி வந்தவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று பொருள் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தனியாக இருந்தால் கடோலினியம் விஷம். அதனால் அதை ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் பூட்டித் தருகிறார்கள். கூண்டு பூட்டியபடியே சிறுநீரில் வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது நெடுநேரம் உடம்பில் தங்கி, தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரக்கூடும் என்பது 2006-ல் தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு மருந்து போடும் பழக்கம் வலுத்தது. கூண்டு வளையமாக மூடியிருக்கும் வகை மருந்துகளில் இந்த அபாயம் மிக மிகக் குறைவு. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்தால் அவசியத்தை டாக்டர் எடைபோட்டு முடிவு செய்வார். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தால்கூட, முதலிலேயே சொல்லுங்கள். கடோலினியத்தைத் தவிர்ப்பதுதான் வழக்கம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தடை இல்லை. தாய்ப்பாலில் கலக்கும் அளவு மிகமிகக் குறைவு.

மூன்றாம் படி: முந்தைய நாள்

சாதாரண ஸ்கேனாக இருந்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சில மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும், வழக்கமான மாத்திரைகளை டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தால் இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சோதிக்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்றால் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு: காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. சில இடங்களில் 12 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம் என்பார்கள். 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான். இந்த ஸ்கேனில் பெரும்பாலும் அடினோசின் என்ற மருந்து கொடுத்து இதயத்தின் ரத்தக்குழாய்களை விரியச் செய்வோம். அடினோசின் போய் உட்கார வேண்டிய அதே இடத்தில் காபியில் இருக்கும் கஃபீன் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து ஏறும், ஆனால் வேலை செய்யாது. அடைப்பு இருந்தும் ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்துவிடலாம். கஃபீன் நீக்கிய காபியிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு, அட்டையைப் பாருங்கள். ஆஸ்துமா, இதயத் துடிப்பில் பிளாக் இருப்பவர்கள், தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் முன்னரே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்தை யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை: முந்தைய நாள் இரவு மூச்சுப் பயிற்சி. மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இழுங்கள், சாதாரணமாக விடுங்கள், விட்டபடியே நிறுத்துங்கள். பத்து வினாடி. இரண்டு மூச்சு இளைப்பாறிவிட்டு மறுபடியும். பத்து எளிதாக வந்தால் பதினைந்து. பத்து முறை செய்து பழகியவர் மறுநாள் எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

நான்காம் படி: உடை மாற்றும் அறை

கவுனுக்கு மாறுங்கள். நகை, வாட்ச், ஹேர்பின், சாவி, போன், ஏ.டி.எம். கார்டு, கழற்றக்கூடிய பல்செட், காது மெஷின் எல்லாம் வெளியே. அந்தக் காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அணைவதில்லை. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் குளிர்ந்தபடி இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் போன்றவற்றைக்கூட அது சுலபமாக இழுத்துவிடும். அதனால் துணைக்கு வருபவரும் கேட்காமல் கதவைத் தாண்டக் கூடாது. தோலில் ஒட்டும் மருந்து பிளாஸ்திரி இருந்தால் காட்டுங்கள். சிலவற்றின் பின்பக்கம் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

ஐந்தாம் படி: மேஜை மேல்

மார்பில் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர்கள் ஒட்டுவோம். தோலைக் கொஞ்சம் தேய்ப்போம், ரோமம் இருந்தால் மழிப்போம். இதில் நாங்கள் காட்டும் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; ஸ்டிக்கர் சரியாக ஒட்டாவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படமும் கெடும். காந்தத்துக்குள் போனதும் ஈ.சி.ஜி.யின் வடிவமே கொஞ்சம் மாறிப்போகும், ஏனென்றால் ஓடும் ரத்தமே காந்தப்புலத்தில் ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஆகவே அந்த ஈ.சி.ஜி. நோயைப் பார்க்க அல்ல, துடிப்பின் நேரம் பார்க்க மட்டும். திரையில் கோணல்மாணலாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம்.

மார்பின் மேல் காயில் என்ற தட்டையான ஒரு ஆன்டெனாவைப் போர்த்துவோம். கையில் ஊசிக்குழாய், ஸ்ட்ரெஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு. காதுக்கு அடைப்பானும் ஹெட்போனும், ஏனென்றால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். கையில் ஒரு ரப்பர் பந்து, அதை அமுக்கினால் நாங்கள் வந்துவிடுவோம்.

குழாயின் விட்டம் 60 அல்லது 70 சென்டிமீட்டர். இடுக்கமான இடம் என்றாலே பயம் உள்ளவர்கள் அதை மறைக்க வேண்டாம், முன்னாலேயே சொல்லுங்கள். உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடி, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு போனால் பலருக்குத் தாங்க முடிகிறது. உள்ளே போய்க் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதுதான் கஷ்டம். தேவைப்பட்டால் லேசான மயக்க மாத்திரை உண்டு. ஆனால் அரைத்தூக்கத்தில் மூச்சுக் கட்டளையைப் பின்பற்ற முடியாது, அதனால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருப்போம்.

ஆறாம் படி: மூச்சு

இங்கேதான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1977 ஜூலையில் எம்.ஆர்.ஐ. முன்னோடிகளில் ஒருவரான ரேமண்ட் டமேடியனின் குழுவினர் முழு மனித உடலுக்கான தங்கள் முதல் மெஷினில் ஒரு மார்பின் படத்தை எடுத்தபோது, அந்த ஒரே படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. இன்று துடிக்கும் இதயத்தின் ஒரு குறுக்குவெட்டை, ஒரு துடிப்புக்கு 25 முதல் 30 சட்டங்கள் கொண்ட ஓடும் படமாக, ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறோம். ஆனாலும் பெரும்பாலான முறைகளில் அது ஒரே துடிப்பில் எடுத்த படம் அல்ல. ஒரு பாட்டைப் பத்து முறை பாடவைத்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு, கடைசியில் முழுப் பாட்டாகச் சேர்ப்பது போன்ற வேலை. பத்துத் துடிப்பிலும் இதயம் அதே இடத்தில், அதே தாளத்தில் இருந்தால்தான் வரிகள் ஒட்டும். தாளத்தை ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்கிறது. இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் மூச்சு.

ஏன் மூச்சை விட்ட நிலையில் நிறுத்தச் சொல்கிறோம்? ஆழமாக இழுத்து நிறுத்தினால் ஒரு முறை இழுத்த அளவு அடுத்த முறை வராது. சாதாரணமாக விட்டால் உதரவிதானம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சாதாரண மூச்சிலேயே அது 1 முதல் 2 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். நாங்கள் இதயத்தை அடியிலிருந்து நுனி வரை 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக, பத்துப் பன்னிரண்டு துண்டுகள் எடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி மூச்சு. நான்காவது துண்டுக்கு விட்ட மூச்சும் ஐந்தாவது துண்டுக்கு விட்ட மூச்சும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டால், ஒரே சதையை இரண்டு முறை எடுத்துவிடுவோம், அல்லது ஒரு துண்டு முழுசாகவே விட்டுப்போகும். சிறிய தழும்பு அந்த விட்டுப்போன துண்டில் இருந்தால்?

ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். முதல் இருபது நிமிடம் ஒரு படமும் தேறவில்லை, எல்லாம் கலங்கல். உள்ளே போய்ப் பேசினேன். மனிதர் ஒவ்வொரு முறையும் நெஞ்சு வெடிக்கும் அளவு இழுத்து, வாயை இறுக மூடி முக்கிக்கொண்டிருந்தார். நிறைய மூச்சு வைத்திருந்தால் நல்ல படம் வரும் என்று நினைத்தாராம். சொல்லாதது எங்கள் தப்பு. “தூங்கும்போது விடுற மாதிரி விட்டுட்டு, அங்கேயே நில்லுங்க சார்” என்றேன். அடுத்த படத்திலேயே வால்வின் மெல்லிய இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

ஆகவே முக்க வேண்டாம். காற்றை முழுக்க வெளியே தள்ளவும் வேண்டாம். நடுவில் தாங்கவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டு மூச்சு விடாமல், ஒரேயடியாக மூச்சை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும், துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் ஒரே துடிப்பில் எடுக்கும் வேகமான முறைகள் இருக்கின்றன. கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் பதில் கிடைக்கும்.

ஏழாம் படி: படங்களின் வரிசை

மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், சிலருக்கு அதைவிடச் சற்று அதிகம். முதலில் இதயம் எங்கே எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கும் படங்கள். அப்புறம் சினி எனப்படும் ஓடும் படங்கள். அறைகளின் கொள்ளளவும் இறைக்கும் திறனும் இதிலிருந்துதான். நீர்க்கோப்பைத் தேடும் டி2 படங்களும், தசையின் டி1, டி2 நேரங்களை மில்லிவினாடியில் அளந்து வண்ண வரைபடமாகக் காட்டும் மேப்பிங்கும் தேவைப்பட்டால் சேரும். வால்வில் கசிவோ, அறைகளுக்கு நடுவே ஓட்டையோ இருந்தால் ரத்த ஓட்டத்தை அளக்கும் படங்கள்: மகாதமனி வழியாகப் போனது எவ்வளவு, நுரையீரலுக்குப் போனது எவ்வளவு என்று மில்லிலிட்டர் கணக்கில்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு டி2 ஸ்டார் என்றொரு அளவு. ஒரே ஒரு மூச்சுப் பிடிப்பில், கான்ட்ராஸ்ட் இல்லாமலே முடிந்துவிடும் அது; ஆனால் உயிர் காக்கும் அளவு. இரும்பு எவ்வளவு படிகிறதோ அவ்வளவுக்கு இந்த நேரம் குறையும். 1.5 டெஸ்லாவில் 20 மில்லிவினாடிக்குக் கீழே வந்தால் இதயத்தில் இரும்பு படிந்திருக்கிறது. 10-க்குக் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அருகில். ரத்தத்தில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினையோ கல்லீரலின் இரும்பையோ வைத்து இதயத்தின் இரும்பைச் சொல்ல முடியாது என்று 2001-ல் லண்டனில் ஆண்டர்சன், பென்னல் குழுவினர் காட்டிய பிறகு இந்தச் சோதனை உலகெங்கும் பரவியது.

ஸ்ட்ரெஸ் என்றால் இப்போது அடினோசின் ஏறும். எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், மூன்று நான்கு நிமிடம். முகம் சூடாகும், நெஞ்சு கனக்கும், மூச்சு வேகமாகும். பயமாக இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்தத்தில் அந்த மருந்தின் பாதி மறைய 10 வினாடிகூட ஆகாது. நிறுத்தியதும் சீக்கிரமே எல்லாம் அடங்கும். விரிந்த குழாய்கள் வழியாகக் கான்ட்ராஸ்ட் தசைக்குள் பாய்வதைத் துடிப்புக்குத் துடிப்பு படமெடுப்போம். ரத்தம் குறையும் இடம் கறுப்பாகத் தங்கும்.

எட்டாம் படி: தழும்பைக் காட்டும் பத்து நிமிடம்

கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு 10 முதல் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படங்கள்தான், என்னைக் கேட்டால், இந்த ஸ்கேனின் உயிர். அந்த நேரத்தில் “எல்லாம் முடிஞ்சுதா?” என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை, முக்கியமானதே இனிமேல்தான்.

கடோலினியம் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு வெளியே உள்ள இடுக்குகளில்தான் தங்கும். நல்ல தசையில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் இடுக்கு குறைவு, மருந்து வந்த வேகத்தில் வெளியேறிவிடும். செத்த இடத்தில் செல்களின் சுவர் உடைந்திருக்கும். பழைய தழும்பாக இருந்தால் செல்லுக்குப் பதில் நார்தான் இருக்கும். அங்கே மருந்துக்கு நிறைய இடம், மெதுவாகத்தான் வெளியேறும். பத்து நிமிடம் கழித்து நல்ல தசை கறுப்பாகத் தெரியும்படி மெஷினில் படமெடுக்கும் நேரத்தைச் சரியாகத் திருகினால், அந்தக் கறுப்பில் தழும்பு மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் நான் திரையை நோக்கிக் குனிந்துவிடுகிறேன்.

வெள்ளை எங்கே இருக்கிறது என்பதில்தான் நோயின் பெயர் இருக்கிறது. இதயச் சுவரின் உட்புற அடுக்குதான் ரத்தக் குறைவைத் தாங்காமல் முதலில் சாகும். அங்கிருந்து சாவு வெளிப்புறமாகப் பரவும். ஆகவே ரத்தக்குழாய் அடைப்பால் வந்த தழும்பு உட்புறத்தைத் தொட்டே இருக்கும். உட்புறத்தை விட்டுவிட்டுச் சுவரின் நடுவில் ஒரு கோடாக இருந்தால், இதயம் விரிந்து பலவீனமாகும் தசை நோயாக இருக்கலாம். வெளிப்புற அடுக்கில் திட்டுத்திட்டாக இருந்தால் அழற்சி. எல்லாப் பக்கமும் பரவலாக, நல்ல தசையைக் கறுப்பாக்கவே முடியாமல் போராட வைத்தால் அமிலாய்டு. மாரடைப்பு என்று சேர்த்து, ஆஞ்சியோவில் அடைப்பே இல்லாத ஒருவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று பல சமயம் சொல்வது இந்தப் படம்தான்.

தழும்பின் ஆழமும் பேசும். 2000-ல் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் குழுவினர், அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 50 பேரைப் படமெடுத்தார்கள். சரியாக இயங்காத தசைப் பகுதிகளில், தழும்பே இல்லாதவற்றில் 78 சதவீதம் சிகிச்சைக்குப் பின் தேறின. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் தழும்பாகிப்போன 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. பைபாஸ் செய்தால் பலன் இருக்குமா என்ற கேள்விக்கு இந்தப் படத்தைக் கேட்பது அதனால்தான்.

ஒன்பதாம் படி: வெளியே வந்த பிறகு

தண்ணீர் குடியுங்கள், சாப்பிடுங்கள், வழக்கமான வேலையைப் பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளுக்குள் மருந்தின் பெரும்பகுதி போய்விடும். மயக்க மாத்திரை சாப்பிட்டிருந்தால் அன்று வண்டி ஓட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் இருப்பவர்கள், ஸ்கேனுக்காக மாற்றிய செட்டிங்கைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ரிப்போர்ட் உடனே வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் இதயச் சுவரின் எல்லைக்கோட்டை வரைந்து, அல்லது கம்ப்யூட்டர் வரைந்ததைத் திருத்தித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

பத்தாம் படி: ரிப்போர்ட்டை வாசிப்பது

முதலில் கண்ணில் படுவது இ.எஃப். என்ற சதவீதம், அதாவது நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு. இடது கீழறை நிரம்பியபோது 150 மில்லி, சுருங்கிய பின் மிச்சம் 60 மில்லி என்றால் வெளியேறியது 90, ஆகவே இ.எஃப். 60 சதவீதம். எந்த நல்ல இதயமும் நூறு சதவீதத்தைத் தள்ளுவதில்லை. ஐம்பத்தெட்டு என்று பார்த்துவிட்டு “நாற்பத்திரண்டு சதவீதம் போச்சா?” என்று கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நார்மல். எக்கோவில் வந்த எண்ணும் இதில் வந்த எண்ணும் கொஞ்சம் வேறுபட்டால், அது அளக்கும் முறையின் வித்தியாசமாகவும் இருக்கலாம். இதயம் திடீரென்று மாறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கொள்ளளவுகளை உடலின் பரப்பளவால் வகுத்த எண்ணைப் பாருங்கள். ஆறடி மனிதரின் இதயத்தையும் ஐந்தடிப் பெண்ணின் இதயத்தையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது அல்லவா. டி1, டி2 எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். அந்த இடத்தின் நார்மல் அளவை ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதோடு மட்டும் ஒப்பிடுங்கள். செல்லுக்கு வெளியே உள்ள இடத்தின் அளவு என்று ஒரு சதவீதம் இருந்தால், நல்ல தசையில் அது 25-ஐ ஒட்டி இருக்கும். அமிலாய்டில் பெரிதாக ஏறும். இதைக் கணக்கிட ரத்தத்தின் ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, வேண்டும், ஸ்கேன் நாளில் ரத்தம் எடுப்பது அதற்காகத்தான்.

‘லேட் என்ஹான்ஸ்மென்ட்’ என்ற வரிதான் தழும்பைப் பற்றியது. எந்த அடுக்கு, எத்தனை பகுதிகள், சுவரில் எத்தனை பங்கு என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து எண் கொடுப்பது வழக்கம். தழும்பு என்ற சொல்லைக் கண்டதும் அதிர வேண்டாம். வலது கீழறை வந்து சேரும் மூலையில் ஒரு புள்ளி அளவு வெள்ளை, நெடுங்காலம் கடும் பயிற்சி செய்த விளையாட்டு வீரர்களிடமும் காணப்படுவதுண்டு. பரம்பரையாகத் தசை தடிக்கும் நோயிலோ, தழும்பு பரந்து கிடந்தால், அதுவும் இடது கீழறையின் எடையில் 15 சதவீதத்தைத் தாண்டினால், திடீர் மரண அபாயத்தை மனதில் வைத்து டிஃபிப்ரிலேட்டர் பற்றிப் பேச்சு வரும். ஒரே சொல், இரண்டு வேறு கதைகள். அதனால் ரிப்போர்ட்டின் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இது எந்த மாதிரித் தழும்பு, இதனால் என் சிகிச்சையில் என்ன மாறும்?

அப்புறம், காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஓடும் படங்களோடு சேர்ந்த சி.டி. தட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். மெஷின் 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா என்று அதன் உறை மேல் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்க நேர்ந்தால், முடிந்தவரை அதே பலமுள்ள மெஷினில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.